குழியிலிருந்து பின்னுக்கு வருதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஊர்ச்சனம் போய் விளையாடக்கூடிய பதினெட்டுக் குழித் திடல் கிடையாது. இலங்கையில் கோல்ஃப் என்றால் 1879 இல் தொடங்கிய கொழும்பு றோயல் கழகம், மலையகத்தில் நுவரெலியா, கண்டிக்குக் கிழக்கே திகனையில் விக்டோரியா, தெற்கே அம்பாந்தோட்டை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்கள்தான். வடக்கிலிருந்து பார்த்தால் இவற்றில் எதுவும் கிட்டவில்லை; திருகோணமலையின் சீனன்குடாவில் விமானப்படையிடம் இருக்கிற திடல்கூட ஒருநாள் பயணம். ஆனாலும் இந்த விளையாட்டைப் பழக விரும்புகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கிற உறவினர் விட்டுப்போன பழைய மட்டைப் பை ஒன்று பல வீடுகளில் அறை மூலையில் சாத்திக் கிடக்கிறது. அந்தப் பையிலிருந்து முதலில் உருவப்படுவது எப்போதும் மிக நீளமான மட்டைதான். தொலைக்காட்சியில் பார்த்தது அது. கையில் எடுத்தவுடன் ஓங்கி அடிக்கத் தோன்றுவதும் அதைத்தான். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது கற்பிக்கிறவன் என்ற முறையில் என் கட்சி. குழியிலிருந்து தொடங்கி, பழகப் பழகப் பின்னுக்கு வரவேண்டும். இடமில்லாத ஊருக்கு ஏற்ற சமாளிப்பு என்று இதை நான் சொல்லவில்லை. இடம் இருந்தாலும் இதே வரிசையைத்தான் சொல்வேன். இடம் இல்லாதது இங்கே அந்த வரிசையைக் கட்டாயமாக்குகிறது, அவ்வளவுதான்.

இதற்கு எதிரான வலுவான வாதத்தை முதலிலேயே எடுத்துக்கொள்வது நேர்மை. கோல்ஃப் கற்பிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு கணக்கைச் சொல்லி வந்தார்கள். எழுபத்திரண்டு அடியில் முடிக்கவேண்டிய திடலில் முப்பத்தாறு அடி, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஆட்டத்தின் பாதி அங்கேதான் என்பது அந்தக் கணக்கு. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புறோடி இதை உடைத்தார். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஒவ்வோர் அடியும் எங்கிருந்து அடிக்கப்பட்டது, எங்கே போய் நின்றது என்று பதிவான தரவுகளை ஆராய்ந்து 2014 இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். முன்னணி வீரர்கள் மற்றவர்களைவிட மேலே நிற்பதற்குக் காரணமான அனுகூலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தூர அடிகளிலிருந்து வருகிறது. கிரீனைச் சுற்றிய ஆட்டமும் உருட்டலும் சேர்ந்து மீதி ஒரு பங்கு. பொழுதுபோக்காக ஆடுகிறவர்களிடமும் கிட்டத்தட்ட இதே விகிதம் என்றார். தொண்ணூறில் முடிப்பவனுக்கும் எண்பதில் முடிப்பவனுக்கும் இடையிலான பத்து அடியில் ஆறேழு அடி நூறு யார் தூரத்துக்கு வெளியேதான் போகிறது. இந்த ஆய்வுக்குப் பிறகும் பழைய முப்பத்தாறு கணக்கைப் பாடமாக ஒப்புவிக்கிற ஆசிரியர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை.

ஆனால் புறோடியின் எண் எதை அளக்கிறது என்று பார்க்கவேண்டும். ஏற்கெனவே ஆடத் தெரிந்த இருவருக்கு இடையிலான வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்கிறது. ஆடவே தெரியாத ஒருவர் எதை முதலில் பழகவேண்டும் என்ற கேள்வி அதில் இல்லை. முப்பது சென்ரிமீற்றர் உருட்டலை எல்லோரும் போட்டுவிடுவார்கள்; ஆகவே வித்தியாசக் கணக்கில் அது பூச்சியம். அதற்காக அதைப் பழகாமல் விடமுடியாது. தூர அடியைத் திருத்துவதற்கு இருநூறு மீற்றருக்கு மேல் திறந்த வெளியும், கூடை நிறையப் பந்தும், பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். கிட்ட ஆட்டத்தைத் திருத்துவதற்கு வளவின் ஒரு மூலை போதும். ஒன்றில் கிடைக்கக்கூடிய பயன் பெரிது, மற்றதில் பயன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்கச் சுற்றில் ஆடுகிற தொழில்முறையாளரே பதினெட்டில் சராசரியாக ஏறத்தாழ ஆறு கிரீன்களை உரிய அடிக்குள் தவறவிடுகிறார். புதிதாகப் பழகுகிறவர் அநேகமாக எல்லாவற்றையும் தவறவிடுவார். அப்படியானால் ஒவ்வொரு குழியிலும் அவர் ஒருமுறையாவது கிரீனுக்கு வெளியே, சில மீற்றர் தூரத்தில், கையில் மட்டையோடு நிற்கப்போகிறார். 1938 இல் அமெரிக்கத் தொழில்முறையாளர் சங்கப் போட்டியின் இறுதியாட்டத்தில் போல் றன்யன், தன்னைவிட வெகுதூரம் அடிக்கக்கூடிய சாம் ஸ்னீடை எட்டுக் குழி முன்னிலையில், ஏழு குழி மீதமிருக்கும்போதே முடித்துவைத்தார். ஒரு ஆட்டத்தை வைத்து விதி எழுத முடியாது என்பது சரி. தூரம் குறைந்தவனுக்கு வழியே இல்லை என்ற பேச்சை மறுக்க அது ஒன்று போதும்.

பின்னுக்கு வருவது என்று நான் சொல்வதன் காரணம் இடவசதியைவிட ஆழமானது. ஒவ்வொரு தூரத்திலும் எவ்வளவு கிட்டப் போனால் போதும் என்பதை அதற்கு முந்தைய தூரம்தான் தீர்மானிக்கிறது. குழியின் அகலம் 108 மில்லிமீற்றர், பந்தின் அகலம் 43 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. உலகின் தலைசிறந்தவர்கள் ஒரு மீற்றருக்குள் இருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் போடுகிறார்கள். எட்டு அடி, அதாவது ஏறத்தாழ இரண்டரை மீற்றர் போனதும் அது பாதிக்குப் பாதியாகிவிடுகிறது. இருபது அடியில் ஏழுக்கு ஒன்று. இந்தச் சரிவைத் தெரிந்துகொண்டவருக்கு இரண்டு விஷயம் விளங்கும். ஒன்று, தொலைக்காட்சியில் நாலு மீற்றர் உருட்டலைத் தவறவிடுகிற வீரரைப் பார்த்துச் 'சீ' என்று சொல்வது அறியாமை. மற்றது, கிரீனுக்கு வெளியேயிருந்து அடிக்கிற சிப் அடியின் இலக்கு குழி அல்ல, குழியைச் சுற்றிய ஒரு வட்டம். அந்த வட்டத்தின் அளவு உங்கள் உருட்டலைப் பொறுத்தது. ஒன்றரை மீற்றர் வரை உங்களுக்கு நம்பிக்கை என்றால் ஒன்றரை மீற்றர் வட்டம். அதைப் பழகிய பிறகு முப்பது மீற்றரிலிருந்து தூக்கி அடிக்கிற அடிக்கு இலக்கு என்ன என்பதும் தானாக வந்துவிடும். தூர அடியிலிருந்து தொடங்குகிறவருக்கு இந்த அளவுகோல் கிடைப்பதில்லை. தூரமாய் அடிப்பது நல்லது என்பது மட்டும் தெரியும். எவ்வளவு பிசகலாம் என்பது தெரியாது.

சிப் அடியைக் கற்பிப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மட்டையைக் கொடுப்பதற்கு முன் பந்தைக் கையில் கொடுத்துக் கீழ்க்கையால் எறியச் சொல்லவேண்டும். குழியைப் பார்த்து எறியக் கூடாது. பந்து எங்கே விழவேண்டும் என்று ஒரு இடத்தைத் தேர்ந்து, அந்த இடத்தைப் பார்த்து எறியவேண்டும். முற்றத்தில் போளை அடித்த எந்தப் பிள்ளைக்கும் இது புதிதல்ல. விழுகிற இடம் ஒன்று, போய் முட்டுகிற இடம் இன்னொன்று என்பதை விரல் ஏற்கெனவே அறிந்திருக்கும். பிறகு மட்டை. பாரம் முன்காலில், பந்து நடுவுக்குச் சற்றுப் பின்னால், கைகள் பந்துக்கு முன்னால், மணிக்கட்டை மடக்கிச் சுண்டாமல் தோளிலிருந்து ஒரு சிறு வீச்சு. இந்த ஒரே வீச்சை மாற்றாமல் மட்டையை மட்டும் மாற்றினால் பந்து வெவ்வேறு தூரம் உருளும். முகம் வெகுவாகச் சாய்ந்த வெட்ஜ் மட்டைகளில் ஒன்றான சான்ட் வெட்ஜில் பறப்பது ஒரு பங்கு என்றால் உருள்வதும் ஒரு பங்கு. பிட்சிங் வெட்ஜில் இரண்டு, ஒன்பதாம் இரும்பில் மூன்று, எட்டில் நான்கு, ஏழில் ஐந்து பங்கு. இது சமதரையும் நடுத்தர வேகமும் உள்ள கிரீனுக்கான அண்ணளவுக் கணக்கு. வைகாசி ஆனி மாதத்து வலிகாமத்துச் செம்மண்ணில் ஒவ்வொன்றோடும் இன்னும் ஒன்று இரண்டைக் கூட்டவேண்டியிருக்கும். துடுப்பாட்டம் ஆடிப் பழகிய பெடியன்கள் மணிக்கட்டைத் திருப்பி விடுவார்கள் என்று சொல்லி அவர்களை ஒதுக்குகிற ஆசிரியர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் காப்பாளரின் கைக்கு ஒரு குத்தில் போய்ச்சேர எறியத் தெரிந்தவனுக்கு விழும் இடத்தைக் கண்ணால் தேர்வது கைவந்த வேலை. மணிக்கட்டைப் பூட்டுவது சில கிழமைப் பயிற்சி. மற்றது பல வருடம் எடுக்கும்.

இங்கே தரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். புல்லே இல்லாத காய்ந்த நிலத்தில் கோல்ஃப் பழகுவது கெட்ட பழக்கத்தைத் தரும் என்பது அடுத்த எதிர்ப்பு. உண்மை நேரெதிர். வெட்ஜ் மட்டையின் அடிப்பாகம் தட்டையாக இருக்காது. முன் விளிம்பைவிடப் பின்பகுதி சற்றுக் கீழே தொங்கும். அந்தத் தொங்கலுக்குப் பெயர் பவுன்ஸ். அடர்ந்த புல்லிலும் தளர்ந்த மணலிலும் மட்டை ஆழத் தோண்டாமல் மிதந்து வர அது உதவுகிறது. அதே மட்டையை முற்றவெளி போன்ற வெறுந்தரையில் வைத்தால் பின்பகுதி முதலில் தரையில் தட்டி, முன் விளிம்பு எழும்பிப் பந்தின் வயிற்றில் அடிக்கும். பந்து தரையோடு பறந்து வேலிக்கு அப்பால் போகும். பில் மிக்கல்சன் தூக்கிப் போடுகிற உயர அடியைப் பார்த்துவிட்டு அறுபது பாகை வெட்ஜை வாங்கிவருகிற எல்லோருக்கும் இது நடக்கும். செயற்கைப் புல் பாயில் அடித்துப் பழகினால் பந்துக்குப் பின்னால் தட்டிய அடியும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும். பிழை தெரியவே தெரியாது. காய்ந்த மண் அப்படி மன்னிக்காது. பந்தை முதலில், தரையைப் பிறகு என்ற ஒழுங்கை அது ஒவ்வோர் அடியிலும் சோதிக்கிறது. ஆகவே எட்டாம் இரும்பை எடுத்து, தாழ அடித்து, உருளவிடுவதுதான் இங்கத்தைய இயல்பான அடி. ஸ்கொட்லாந்தின் கடலோரத் திடல்களில் காற்றும் காய்ந்த தரையும் சேர்ந்து உண்டாக்கிய அடியும் அதுவே. சோளகம் வீசுகிற மாதங்களில் பந்தை ஆகாயத்துக்கு அனுப்புகிறவர் அதை எங்கே தேடுவது என்று கடற்கரைச் சனத்தைத்தான் கேட்கவேண்டும்.

மணலுக்கு நமக்குக் குறைவில்லை. ஸ்பெயினின் பெட்ரெஞா என்ற மீனவக் கிராமத்தில், கடற்கரை மணலில், மூன்றாம் இரும்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பழகிய செவ்வே பயஸ்தெரோஸ் 1979, 1984, 1988 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரித்தானியத் திறந்த போட்டியை வென்றார். மூன்றாம் இரும்பு மணலுக்கான மட்டையே அல்ல. அதன் முகத்தைத் திறந்து, கையைத் தாழ்த்தி, அதிலிருந்து உயர அடியை வரவழைக்கவேண்டிய தேவைதான் அவருடைய கையை உண்டாக்கியது என்று நான் எண்ணுகிறேன். மணற்குழிக்கென்றே மட்டை பரவலானது 1930களில். ஜீன் சரசன் அடிப்பாகத்தில் உலோகம் சேர்த்துப் பவுன்ஸைக் கூட்டிய மட்டையோடு 1932 இல் பிரித்தானியத் திறந்த போட்டியை வென்றபின் எல்லோரும் அதற்கு மாறினார்கள். மணலில் அடிக்கிற முறை எளிது: பந்தை அடிப்பதில்லை, அதற்கு நாலைந்து சென்ரிமீற்றர் பின்னால் மணலை அடிக்கிறோம், மணல் பந்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நீர் தொட்டு இறுகிய மணலுக்கும், வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுத் திட்டிகளின் காய்ந்து தளர்ந்த மணலுக்கும் இதே அடி பொருந்தாது. தளர்ந்த மணலில் முகத்தைத் திறந்து பவுன்ஸைப் பயன்படுத்தவேண்டும். இறுகியதில் பவுன்ஸ் துள்ளும், முகத்தை மூடிக் கூராக இறக்கவேண்டும். இந்த இரண்டையும் ஒரே நாளில் பழகக்கூடிய நிலம் உலகின் பல பேர்போன திடல்களுக்குப் பக்கத்தில் இல்லை. ஒரு விஷயம் மட்டும்: பயிற்சிக்கு மணல் வேண்டுமென்று திட்டியிலிருந்து உழவு இயந்திரத்தில் அள்ளிவருவதற்கு இது நியாயமாகாது. மணல் அகழ்வால் அந்தக் கரை பட்டது போதும். மட்டையைத் தூக்கிக்கொண்டு மணல் இருக்கிற இடத்துக்குப் போகலாம்.

கிரீன் இல்லாமல் உருட்டல் எப்படி என்ற கேள்விக்குப் பதில் பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகில் இருக்கிறது. வெப்ப நாடுகளின் கோல்ஃப் திடல்களில் பெர்முடா என்ற பெயரில் விரிக்கப்படுவது அறுகம்புல்தான். சிறந்த கிரீன்களில் இருப்பவை அதை ஆபிரிக்க இனமொன்றோடு கலந்து உண்டாக்கிய குட்டை வகைகள். அவற்றை மூன்று நான்கு மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டலாம். நம் ஊர் அறுகு அவ்வளவு தாழ்வைத் தாங்காது. ஆகவே இங்கே உண்டாக்குகிற கிரீன் மெதுவாகத்தான் இருக்கும். மெதுவான கிரீனில் பழகியவர் வேகமானதில் தடுமாறுவார் என்பார்கள். முதல் அரை மணிநேரம் தடுமாறுவார், உண்மைதான். அறுகின் இலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பந்து விரைவாகவும், எதிர்ப்பக்கம் சோம்பலாகவும் ஓடும் என்பதைக் காலால் உணர்ந்தவருக்கு அந்தத் தடுமாற்றம் நீடிக்காது.

தண்ணீர்தான் உண்மையான தடை. வற்றாத ஆறில்லாத, சுண்ணக்கல்லின் மேல் மிதக்கிற நன்னீரை நம்பி வாழ்கிற ஊரில் கோல்ஃப் பற்றிப் பேசுவதே பாவம் என்று ஒருவர் சொன்னால், முழுத் திடலைப் பொறுத்தவரை நான் அவர் பக்கம். பதினெட்டுக் குழிக்கு நூற்றிருபது ஏக்கருக்குக் குறையாமல் வேண்டும். பரப்புக் கணக்கில் ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் பரப்பு. அதில் முப்பது ஹெக்ரேயருக்கு மட்டும் நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீர் விட்டாலும் பதினைந்து லட்சம் லீற்றர். உரமும் பூச்சிமருந்தும் வேறு. தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக்கிடப்பது போதாதா? ஒரு பரப்பில் ஒரு கிரீன் என்றால் அதே கணக்கில் நாளுக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது லீற்றர், அதே அளவான வெங்காயத் தோட்டத்துக்கு இறைப்பதைவிட மிஞ்சாது. அதுவும் வேண்டாமென்றால் மணற் கிரீன் இருக்கிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பைன்ஹேர்ஸ்ட் இரண்டாம் திடலிலேயே 1930களின் நடுப்பகுதி வரை மணற் கிரீன்கள்தான். அவுஸ்திரேலிய உள்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் உண்டு. அங்கெல்லாம் மணல் பறக்காமலிருக்க எண்ணெய் கலப்பது வழக்கம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கண்ட பிறகு அந்தப் பேச்சுக்கே இங்கே இடமில்லை. நீர் தெளித்து உருளையால் இறுக்கினால் காலையில் இரண்டு மணிநேரம் நன்றாக ஓடும்.

இது பணக்காரர் விளையாட்டு என்பதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் பணமில்லாதவர்கள் அதற்குள் நுழைந்த வழி எது என்று பார்த்தால் கிட்ட ஆட்டத்தின் தடம் தெரியும். 1991 இலும் 1993 இலும் இந்தியத் திறந்த போட்டியை வென்ற அலி ஷேர் டெல்லியில் பை தூக்கியவர். 2009 இல் அதே போட்டியை வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர். பை தூக்குகிற பிள்ளைக்குத் திடலின் நடுவே நின்று அடிக்கும் உரிமை அருமை. கொட்டகையின் பின்புறம் ஒரு பழைய இரும்பும் ஒரு பந்தும் கிடைத்தால் குழி தோண்டிப் பந்தயம் கட்டுவதுதான் எங்கும் அவர்களுடைய பள்ளிக்கூடம். சிறு பிள்ளைக்கு முதலில் வேகத்தைப் பழக்கு, நுட்பம் பிறகு வரும் என்பது இன்று பல பயிற்சியாளர்களின் கட்சி. அதில் உண்மை இருக்கிறது, வளர்கிற உடம்பில் ஏறுகிற வேகம் முப்பது வயதில் ஏறாது. இங்கத்தைய பிள்ளை அந்த வேகத்தைப் பந்துவீச்சிலும் எறிதலிலும் பெறுகிறது என்பது என் பதில், ஆனால் முழுப் பதில் அல்ல. தொழிலாகவே இதை எடுக்க நினைக்கிறவர் பதினைந்து வயதுக்குள் நுவரெலியாவுக்கோ கொழும்புக்கோ போயாகவேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவருக்கு அந்தச் சிக்கல் குறைவு. ரொறன்ரோ மாநகரசபையின் டென்டோனியாப் பூங்காத் திடலில் பதினெட்டுக் குழியும் மூன்று அடியில் முடிக்கவேண்டிய குழிகள். ஸ்காபரோவிலிருந்து பேருந்திலும் சுரங்க ரயிலிலும் போய்விடலாம். பெரிய திடலுக்குப் போகுமுன் அங்கே ஒரு கோடைகாலத்தைக் கழிப்பவர் நான் சொல்லும் வரிசையில்தான் பழகுகிறார்.

ஆகப் பையிலிருந்து எடுக்கவேண்டியவை மூன்று: உருட்டு மட்டை, எட்டாம் இரும்பு, பவுன்ஸ் குறைந்த ஒரு வெட்ஜ். விதிப்படி பதினான்கு வரை தூக்கலாம். மற்றப் பதினொன்றும் மூலையிலேயே இருக்கட்டும். ஐப்பசியில் மழை விழுந்து தரை இளகிப் புல் எழும்பியதும் கணக்கு மாறும். உருளவேண்டிய பந்து விழுந்த இடத்திலேயே அமுங்கி நிற்கும், எட்டாம் இரும்பின் பங்குகள் பொய்க்கும், கோடையில் ஒதுக்கிவைத்த பவுன்ஸ் கூடிய வெட்ஜ் அப்போதுதான் வேலைக்கு வரும். மார்கழி வரை அதைக்கொண்டு பதினைந்து மீற்றருக்கு மேல் தூக்கி அடிப்பதைப் பழகலாம். தை பிறந்து தரை இறுகத் தொடங்கும்போது மறுபடி தாழ்ந்த அடிக்குத் திரும்பவேண்டியிருக்கும்.